முதலில் புள்ளி தெரிகிறதா பாருங்கள்: மானிட்டர் கேள்வி-பதில்

கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டதுதான் தாமதம், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மானிட்டரைப் பற்றித்தான். பகலில் வேலை, ராத்திரியில் கேம், வீட்டில் இருப்பதோ ஒரே மேஜை, எதை வாங்குவது? ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பனியன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கிறேன். பகல் முழுக்க டேலியும் எக்செலும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நண்பர்களோடு வேலரண்ட் கேம். கடையில் 24 இன்ச், 27 இன்ச் இரண்டு காட்டினார்கள். இரண்டும் 1080பி. விலையில் ஆயிரத்து ஐந்நூறுதான் வித்தியாசம், "பெரிசாவே எடுங்க சார்" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா? என் கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650.
– வாசகர், திருப்பூர்

எடுக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

1080பி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல் (படம் உருவாகும் சின்னச் சின்னக் கட்டம்), மொத்தம் சுமார் 20.7 லட்சம். திரை 24 இன்ச்சானாலும் 27 இன்ச்சானாலும் எண்ணிக்கை இதேதான். இருக்கிற மாவையே பெரிய கல்லில் இழுத்துத் தேய்ப்பது மாதிரி, 27 இன்ச்சில் ஒவ்வொரு பிக்சலும் பெரிதாகிவிடும். 24 இன்ச்சில் ஒரு பிக்சலின் அகலம் 0.28 மில்லிமீட்டர், 27 இன்ச்சில் 0.31. மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குதானே என்று தோன்றும். கேம் ஆடும்போது தெரியவே தெரியாது, ஆளும் துப்பாக்கியும் ஓடிக்கொண்டே இருப்பதால் கண் அதைக் கவனிப்பதில்லை. எழுத்து அப்படி இல்லை, நின்ற இடத்தில் நிற்கும்.

தமிழ் எழுத்தென்றால் இன்னும் சிக்கல். விண்டோஸில் 100 சதவீத அளவில் 11 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல் உயரம். அதற்குள் ண-வின் சுழிகள், றை-யின் கொம்பு, மேலே புள்ளி எல்லாம் அடங்கியாக வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பிக்சல்தான், அதையும் விண்டோஸ் ஓரத்தை மழுங்கடித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு 27 இன்ச் 1080பி மானிட்டரைத் தள்ளுபடியில் வாங்கிவந்து பெருமையாக மேஜையில் வைத்து, அதில் பக்கங்களுக்கு மெய்ப்பு பார்த்தேன். அடுத்த மாதம் ஒரு வாசகர் பக்கத்தைக் கத்தரித்து, சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். 'தள்ளுபடி' என்பது 'தளளுபடி' என்று அச்சாகியிருந்தது. அந்த மானிட்டர் இப்போது டிவி மாதிரி தூரத்திலிருந்து பார்க்கத்தான் பயன்படுகிறது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பட்ஜெட் அவ்வளவுதான் என்றால் 24 இன்ச் 1080பி, ஐபிஎஸ் பேனல் (நிறம் சீராகத் தெரியும் திரை வகை), 144 ஹெர்ட்ஸுக்குக் (அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் வேகத்துக்கு) குறையாமல் எடுங்கள். வேலரண்ட் மாதிரி ஆட்டத்தில் போட்டிக்குப் போகிறவர்களே 24, 25 இன்ச்சில்தான் ஆடுகிறார்கள், தலையைத் திருப்பாமல் நாலு மூலையும் கண்ணுக்குள் அடங்கும் என்பதால். இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க முடியும் என்றால் 27 இன்ச் 1440பி. அதில் 2560-க்கு 1440, மொத்தம் சுமார் 36.9 லட்சம் பிக்சல், ஒரு பிக்சல் 0.23 மில்லிமீட்டர். எக்செலில் ஒரு வரிசை வழக்கமாக 20 பிக்சல் உயரம் என்பதால், கூடுதலாகக் கிடைக்கும் 360 பிக்சலில் சுமார் 18 வரிசை அதிகமாகத் தெரியும். நாள் முழுக்கக் கணக்கு பார்க்கிறவருக்கு மவுஸ் சக்கரத்தை உருட்டுகிற வேலை எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்து சிறிசாக இருக்கிறதென்றால் அளவை 125 சதவீதம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரிசைக் கணக்கில் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும்.

1650 கார்டு வேலரண்ட் மாதிரி இலகுவான ஆட்டத்தை 1440பியிலும் தாங்கும். புதிதாக வரும் கனமான ஆட்டங்களில் திணறும். அப்போது ஆட்டத்தை மட்டும் 1080பிக்கு இறக்கினால் 1440பி திரையில் படம் கொஞ்சம் மசமசவென்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு மணி நேரம் கணக்கு, இரண்டு மணி நேரம் ஆட்டம் என்கிற உங்கள் நிலையில் நான் இருந்தால் இரண்டாவது வழிக்குத்தான் போவேன்.

இரண்டு மாதம் முன்பு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், நாகர்கோவில்

பெரும்பாலும் நீங்கள் இன்னும் 60 ஹெர்ட்ஸில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் என்கிற இடத்தில் 60 என்றே இருக்கும். 165-க்கு மாற்றிவிட்டு மவுஸை வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள், ஆட்டம் வரை போகவே வேண்டாம், அம்புக்குறியிலேயே தெரிந்துவிடும்.

பட்டியலில் 165 என்பதே இல்லையென்றால் கேபிளைப் பாருங்கள். பழைய மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே இதிலும் செருகியிருப்பீர்கள். பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக வந்தால் வேகம் குறைவாகத்தான் கிடைக்கும், முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட் என்கிற இன்னொரு வகை இணைப்பில்தான். பெட்டியின் அடியில் தெர்மாக்கோலுக்குள் ஒரு கேபிள் பிரிக்காமலே கிடக்கிறதா பாருங்கள்.

அப்புறம் கேபிளின் இன்னொரு முனை எங்கே போகிறது என்றும் பாருங்கள். என் அக்கா மகன் கார்டுக்கே தனியாகக் காசு சேர்த்து, மானிட்டரும் வாங்கி, கேபிளை மதர்போர்டில் இருக்கிற துளையில் செருகிவிட்டு ஆறு மாதம் ஆடினான். ஆட்டம் விட்டு விட்டு ஓடுகிறது, மாமா, வேறு கார்டு வாங்கணும் என்று வந்து நின்றபோதுதான் சிபியுவின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். மேலே தனியாக இருக்கிற இணைப்புகள் மதர்போர்டுடையவை, கீழே படுக்கை வசமாக வரிசையாக இருப்பவை கார்டுடையவை. கீழே இருப்பதில்தான் செருக வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் இல்லையென்றால், ஆட்டத்துக்குள்ளேயே 60 என்று வரம்பு போட்டிருக்கும், அல்லது கார்டால் அவ்வளவு படங்களைத் தள்ள முடியவில்லை. மானிட்டர் நொடிக்கு 165 முறை கேட்டாலும் கார்டு 70 தந்தால் 70தான். அந்த நேரத்தில் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரியாமல் இருக்கத்தான் ஃப்ரீசிங்க் (ஏஎம்டி கம்பெனியுடையது), ஜி-சிங்க் (என்விடியா கம்பெனியுடையது) எல்லாம், மெனுவில் போய் அதை ஆன் செய்யுங்கள். 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துப்போகின்றன, அதனால் ஜி-சிங்க் ஸ்டிக்கருக்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பையனிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. டிவியை விட்டுத் தொலைகிறானே என்று மானிட்டர் வாங்கித்தரச் சம்மதித்தேன். இப்போது 240 ஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா 60 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, மதுரை

இரண்டு பேர் பேச்சையும் கேட்காதீர்கள், அம்மா. பிளேஸ்டேஷன் 5 அதிகபட்சம் 120 ஹெர்ட்ஸ்தான் தரும். 240 வாங்கினால் மிச்சம் 120 சும்மா கிடக்கும். பின்னாடி கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித்தரப் போகிறீர்கள் என்றால் வேறு விஷயம், பையன் அந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டிருக்கிறான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கணக்காகவே பார்த்தால், 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி செகண்ட். 144-ல் அது 6.9. இந்தப் பத்து மில்லி செகண்ட் மிச்சத்தைக் கண் நன்றாகவே உணரும், அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் சரியில்லை. 144-லிருந்து 240-க்குப் போனால் 4.2, அதாவது மிச்சம் 2.7தான். அதற்குக் கொடுக்கும் பணத்தை நல்ல பேனலுக்குக் கொடுக்கலாம்.

பிளேஸ்டேஷனில் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். 1440பி வசதியை சோனி 2022 செப்டம்பரில் கொடுத்துவிட்டதால் 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நன்றாகவே ஒத்துப்போகும். 4கே-யில் 120 வேண்டும், படம் கிழியாமலிருக்க விஆர்ஆர் வசதியும் வேண்டும் என்றால் மட்டும் எச்டிஎம்ஐ 2.1 உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அது விலை கூடும்.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று, பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் படம் வரும், சத்தம் வராது, பையன் முகம் தொங்கிப்போகும். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரிலேயே ஹெட்போன் துளை இருக்கிறது, சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். ராத்திரியில் உங்களுக்கும் தூக்கம் கெடாது.

கடைக்காரர் விஏ பேனல் எடுக்கச் சொல்கிறார், நண்பன் ஐபிஎஸ் என்கிறான், யூடியூபில் ஓஎல்இடி தவிர வேறெதுவும் வாங்காதே என்கிறார்கள். லைட்டை அணைத்துவிட்டு ராத்திரி ஆடுகிறவன் நான். பகலில் கோடிங்.
– வாசகர், பொள்ளாச்சி

மூன்று பேரும் அவரவர் மேஜையை வைத்துச் சொல்கிறார்கள்.

ஐபிஎஸ்ஸில் நிறம் சீராக இருக்கும், சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாலும் மாறாது. ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்காது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 1000-க்கு 1தான் என்பதால், இருட்டறையில் குகைக்குள் போகிற காட்சி வந்தால் சாம்பல் பூசின மாதிரி தெரியும், மூலைகளில் லேசான வெளிச்சமும் படரும். விஏ-வில் அந்த விகிதம் 3000-க்கு 1 அளவில் இருப்பதால் இருட்டு இருட்டாகவே இருக்கும். அதன் குறை வேறு. விலை குறைந்த விஏ-க்களில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவது மெதுவாக நடக்கும், ராத்திரிக் காட்சியில் வேகமாகத் திரும்பினால் மரமும் சுவரும் பின்னால் மை இழுத்த மாதிரி ஒரு கோடு விடும். கறுப்புப் பின்னணியில் கோடிங் எழுதுகிறவர்களுக்கு ஸ்க்ரோல் பண்ணும்போதும் அது தெரியும்.

ஓஎல்இடியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு என்றால் அணைந்தேவிடும், வேகத்திலும் அதை எதுவும் தொட முடியாது. ஆனாலும் பகல் முழுக்க ஒரே எடிட்டர், ஒரே டாஸ்க்பார் என்று வைத்திருப்பவருக்கு நான் தயங்கித்தான் சொல்வேன். அசையாமல் நிற்கும் உருவம் நாளடைவில் திரையில் நிழலாகத் தங்கிவிடும் ஆபத்து உண்டு. போதாததற்குப் பல ஓஎல்இடி பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலம் அடுக்கப்பட்டிருக்கும் விதம் வேறு என்பதால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கோடு தெரியும். கண் பழகிவிடும் என்பார்கள், எனக்குப் பழகவில்லை.

வாங்கியே தீருவேன் என்றால் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கும். படுக்கப் போகுமுன் சுவரில் இருக்கும் சுவிட்சை 'டக்'கென்று அணைக்கிறோமே, அதைத்தான். ஓஎல்இடி மானிட்டர்கள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது சில நிமிடம் எடுத்துத் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். மின்சாரத்தையே நிறுத்திவிட்டால் அது நடக்காது.

உங்களுக்கு என் யோசனை, ஐபிஎஸ் வாங்கி, மானிட்டருக்குப் பின்னால் சுவரில் வெளிச்சம் படுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கு வையுங்கள். சாம்பல் கறுப்பு பாதி மறைந்துவிடும், கண்ணுக்கும் நல்லது.

பெட்டியில் 1 எம்எஸ், எச்டிஆர், டைனமிக் கான்ட்ராஸ்ட் கோடிக்கு ஒன்று என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது?
– வாசகர், தஞ்சாவூர்

டைனமிக் கான்ட்ராஸ்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள், அது எதற்கும் உதவாத எண். 1 எம்எஸ் என்பது ஒரு பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம், ஒரு மில்லி செகண்ட்; பெரும்பாலும் மெனுவில் ஓவர்டிரைவை (அந்த மாற்றத்தை முடுக்கிவிடும் வசதி) உச்சத்தில் வைத்து அளந்தது. அப்படி வைத்தால் ஓடுகிற ஆளைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் கிளம்பும், நடு அளவில் வைத்துத்தான் ஆட முடியும். எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி, ஆனால் எச்டிஆர் 400 என்ற முத்திரைக்குத் திரையைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாத மானிட்டரில் எச்டிஆரை ஆன் செய்தால் நிறம் வெளுத்துப் போவதுதான் மிச்சம், அணைத்தே வையுங்கள்.

லேப்டாப்போடு இணைக்க 4கே மானிட்டர் வாங்கினேன். மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. மானிட்டர் கோளாறா?
– வாசகி, புதுச்சேரி

லேப்டாப் கொஞ்சம் பழசு என்று நினைக்கிறேன். அதன் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே-யில் நொடிக்கு 30 படம்தான் தள்ள முடியும், அதுதான் இழுக்கிறது. 60-க்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். லேப்டாப்பில் யுஎஸ்பி-சி இருந்தால் அதன் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அடையாளமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்த வழியாக இணைக்கலாம். எல்லா யுஎஸ்பி-சியும் படம் கடத்தாது, சில சார்ஜுக்கு மட்டும்தான். எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் இப்போதைக்கு ரெசல்யூஷனை 1440பிக்கு இறக்கிப் பட்டியலில் 60 வருகிறதா பாருங்கள்.

மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 27 இன்ச் 4கே-யை 150 சதவீத அளவில் வைத்தால் முன்பு 15 பிக்சலில் அடைத்த எழுத்துக்கு 22 பிக்சல் கிடைக்கும், தமிழ் படிக்க அதைப்போல சுகம் கிடையாது. கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: 4கே என்றால் 83 லட்சம் பிக்சல், 1080பியைப் போல நாலு மடங்கு. அத்தனையையும் நிரப்பக் கார்டுக்கு நல்ல தெம்பு வேண்டும்.

கண் எரிகிறது. நீல ஒளிக் கண்ணாடி போடலாமா?
– வாசகர், ஈரோடு

அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தல்மாலஜி என்ற கண் மருத்துவர்கள் அமைப்பு, கம்ப்யூட்டர் பார்ப்பதற்கென்று அந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது, எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருப்பதை இருபது நொடி பாருங்கள். திரை ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. வெளிச்சத்தை அறை அளவுக்குக் குறையுங்கள், நூறு சதவீதத்தில் வைத்துக்கொண்டு கண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை. அப்படியும் எரிந்தால் கண் டாக்டரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள்.

ஆன்லைனில் வாங்கிய மானிட்டரில் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மாற்றித் தருவார்களா?
– வாசகர், சேலம்

ஒரே ஒரு புள்ளிக்குப் பல கம்பெனிகள் மாற்றித் தருவதில்லை, இத்தனை புள்ளிக்கு மேல் இருந்தால்தான் வாரண்டி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதனால் வாரண்டியை நம்பாமல், கடை கொடுக்கும் திருப்பி அனுப்பும் நாட்களை நம்புங்கள். பிரித்த அன்றைக்கே முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தையும் போட்டு மூலை மூலையாகப் பாருங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை எடுக்காமல் விட்டு, "நீங்கதான் கீழே போட்டிருப்பீங்க" என்று ஒரு கடையில் கேட்டுக்கொண்டு நின்றேன், கூடவே வந்திருந்த மனைவி என்னைப் பார்த்த பார்வை தனி.

புதுசு வந்துவிட்டது. பழைய 19 இன்ச் சதுர மானிட்டரை எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

விஜிஏ என்கிற பழைய இணைப்பு மட்டும் இருக்கிறது என்றுதானே யோசிக்கிறீர்கள், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதுத் திரையில் வேலை, பழையதில் வாட்ஸப்பும் கால்குலேட்டரும். என்னுடையது பத்து வருடத்துக்கு மேலாக ஓரமாக உட்கார்ந்திருக்கிறது, இதை எழுதும்போதும் அதில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருக்கிறது.